மோதிரத்தில் சுற்றிய நூல்: ஒரு கட்டி உடம்பு முழுவதையும் எப்படி ஆட்டிவைக்கிறது?

அத்தையின் மோதிரம் விரலில் நிற்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது இரண்டு முறை கழன்று விழுந்தது. மூன்றாம் முறை விழக் கூடாதென்று அதன் அடிப்பக்கத்தில் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றிப் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் அந்த நூலின் மேல் இன்னும் நாலு சுற்று. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். "வயசாகுதுல்ல, உடம்பு வத்தத்தான் செய்யும்" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. வாயுத் தொல்லை என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார். ஒருநாள் காலையில் இடது கால் மட்டும் பூசினாற்போல் வீங்கியிருந்தது. அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எண்டோஸ்கோப்பி செய்து, சதை எடுத்துப் பரிசோதித்ததில் இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது.

கட்டி இருந்தது வயிற்றில். மோதிரம் கழன்றது விரலில். மூச்சு வாங்கியது நெஞ்சில், வீங்கியது காலில். இவற்றுக்குள் என்ன தொடர்பு என்று அன்று எங்களுக்குத் தெரியாது. நாலும் ஒரே நோயின் வேலை என்பது பிறகுதான் புரிந்தது. புற்றுநோய் ஓர் உறுப்பில் தொடங்குகிறது. ஆனால் ரத்தம், தசை, எலும்பு, நரம்பு, நோய் எதிர்ப்பு என்று உடம்பின் ஒவ்வொரு ஏற்பாட்டையும் தொடுகிறது. எப்படித் தொடுகிறது என்று தெரிந்துவைத்திருந்தால் நோயைச் சீக்கிரம் சந்தேகிக்கலாம். நோயாளியைக் கடிந்துகொள்ளாமல் கவனிக்கவும் முடியும்.

அடங்காத செல்

நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது சாக வேண்டும் என்கிற கட்டளை செல்களின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. புகையிலை, சில வைரஸ்கள், கதிர்வீச்சு, முதுமை, செல் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழை ஆகியவற்றால் அந்த எழுத்து சிதைகிறது. ஒரு பிழையால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆண்டுக்கணக்கில் பிழைமேல் பிழை சேரும்போது, 'நிறுத்து' என்ற கட்டளைக்கு அடங்காத செல் ஒன்று உருவாகிறது. அது இரண்டாகி, நான்காகி, ஒரு சென்டிமீட்டர் கட்டியாக வளரும்போது அதற்குள் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கும். நம் கைக்குத் தட்டுப்படும் சின்ன உருண்டைக்குப் பின்னால் அத்தனை நீண்ட வரலாறு உண்டு.

வளரும் கட்டிக்குச் சாப்பாடு வேண்டும். ரத்தக்குழாய் இல்லாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரு கட்டியால் வளர முடியாது என்று 1971இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன் எழுதினார். பக்கத்து ரத்தக்குழாய்களுக்குக் கட்டி ரசாயன சமிக்ஞை அனுப்புகிறது. அவை கிளைவிட்டுக் கட்டிக்குள் நுழைகின்றன. அந்த வாய்க்கால் இரண்டு பக்கமும் ஓடும். கட்டிக்கு உணவு உள்ளே வருகிறது; கட்டியின் செல்களும் அது சுரக்கும் பொருள்களும் அதே வழியாக உடம்பெங்கும் கிளம்புகின்றன. இனி வரும் கதையெல்லாம் இந்த வாய்க்காலிலிருந்துதான்.

ரத்தம்: சோர்வும் உறைவும்

அத்தைக்கு மூச்சு வாங்கியதற்குக் காரணம் ரத்தசோகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, ஆண்களுக்கு 13க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரைப்பையிலும் பெருங்குடலிலும் வரும் கட்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். மலம் தார்போலக் கறுத்துப் போவது அதன் அடையாளங்களில் ஒன்று. கசிவு இல்லாவிட்டாலும் ரத்தம் குறையலாம். நோயால் உடம்பில் அழற்சி கூடும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கிறது. அது இரும்புச்சத்தைச் சேமிப்பறையிலேயே பூட்டிவைத்துவிடுகிறது. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் எவ்வளவு கொடுத்தாலும் அந்த இரும்பு, ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையைப் போய்ச் சேராது. ரத்தப் புற்றுநோயிலோ மஜ்ஜையையே நோய் செல்கள் அடைத்துக்கொள்கின்றன. அதனால் சிவப்பணு குறைந்து சோர்வு, நல்ல வெள்ளணு குறைந்து காய்ச்சல், தட்டணு குறைந்து ஈறிலும் மூக்கிலும் ரத்தம் என மூன்றும் சேர்ந்தே வரலாம்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்குக் காரணம் தெரியாத ரத்தசோகை என்றால், சத்து டானிக்கோடு விட்டுவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

காலில் வந்த வீக்கம் ரத்தம் உறைந்ததால் வந்தது. பல புற்றுநோய்கள் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுகின்றன. கணையம், இரைப்பை, நுரையீரல் புற்றுநோய்களில் இது அதிகம். இந்தத் தொடர்பை 1860களிலேயே கவனித்துச் சொன்னவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் அர்மாண்ட் ட்ரூசோ. காரணமில்லாமல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தால் உள்ளே எங்கோ புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1867இல் அவருடைய கையிலேயே அப்படியோர் உறைவு வந்தது. தனக்கு வந்திருப்பது இன்னதென்று அவருக்குப் புரிந்துவிட்டது. சில மாதங்களில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அந்த அறிகுறிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

காலில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ எண்ணெய் தேய்த்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தசை கரைவது ஏன்?

எங்கள் வீட்டில் பெரிய சண்டை சாப்பாட்டில்தான் நடந்தது. "ரெண்டு வாய் சாப்பிடுங்க அத்தை, சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்" என்று தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நிற்பேன். "நான் மாட்டேன்னா சொல்றேன்? இறங்கலையேப்பா" என்பார். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கவளத்தை எடுத்து மென்றுகொண்டே இருந்தார். விழுங்க முடியவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவருக்கு நடந்துகொண்டிருந்தது பட்டினி மட்டுமல்ல. பட்டினி கிடக்கும் உடம்பு முதலில் கொழுப்பைச் செலவழிக்கும், தசையை முடிந்தவரை காப்பாற்றும், சாப்பிட்டால் தேறிவிடும். புற்றுநோயில் தசையும் கொழுப்பும் சேர்ந்தே கரைகின்றன. சாப்பிட்டாலும் முழுதாகத் தேறுவதில்லை. ஆறு மாதத்தில் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் தானாகக் குறைந்தால் மருத்துவர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள். 60 கிலோ இருப்பவருக்கு அது 3 கிலோ.

கட்டியும் அதோடு போராடும் எதிர்ப்பு செல்களும் சுரக்கும் பொருள்கள் தசையின் புரதத்தை உடைக்கச் சொல்லிக் கட்டளையிடுகின்றன. ஜிடிஎஃப்-15 என்ற பொருள் மூளைத்தண்டுக்குப் போய்ப் பசியை அடக்கிக் குமட்டலைத் தூண்டுகிறது. அத்தை சோற்றைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பியது மனசு சம்பந்தப்பட்டதல்ல. மூளைக்கு அப்படியொரு செய்தி போய்க்கொண்டிருந்தது. இந்தப் பொருளைத் தடுக்கும் ஒரு மருந்து நோயாளிகளின் எடையைக் கூட்டியதாக 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. அது இன்னும் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. கட்டி குளுக்கோஸை அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது. அதை அரைகுறையாக எரித்து லாக்டேட்டாக வெளியே விடுகிறது. கல்லீரல் அந்த லாக்டேட்டை வாங்கி, தன் சக்தியைச் செலவழித்து மறுபடியும் குளுக்கோஸாக்கி அனுப்புகிறது. கட்டி அதையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கிற வேலை இது. கட்டியின் இந்தச் சர்க்கரைப் பசியைப் பயன்படுத்தித்தான் பெட் ஸ்கேன் அதை அடையாளம் காட்டுகிறது.

'அப்படியானால் சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் செத்துவிடுமே' என்று பல வீடுகளில் பாயசத்தை மட்டுமல்ல, சோற்றையே நிறுத்திவிடுகிறார்கள். கட்டி சாகாது. சாப்பாட்டிலிருந்து கிடைக்காத சர்க்கரையைக் கல்லீரல் தசைப் புரதத்திலிருந்து செய்து தரும். இளைப்பதெல்லாம் நோயாளிதான். சர்க்கரை நோயும் இருப்பவர்கள் மருத்துவர் சொன்ன கட்டுப்பாட்டோடு சாப்பிட வேண்டும். மற்றவர்களைப் பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடக் கூடாது.

பரவுதல்: விதையும் மண்ணும்

கட்டியிலிருந்து கிளம்பும் செல்களில் பெரும்பாலானவை வழியிலேயே சாகின்றன. தப்பிய சில, புது இடத்தில் வேர்விடுகின்றன. எங்கே வேர்விடும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, விதை எங்கும் விழலாம், ஆனால் தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். மருத்துவ உலகம் இன்றும் அதை ஏற்கிறது. ரத்தம் ஓடும் பாதையும் முக்கியம். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போவதால் பெருங்குடல் புற்றுநோய் அங்கே போய்த் தங்குகிறது. புரோஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் தேடிப் போகிறது.

பரவிய இடத்திலும் அது பழைய நோயேதான். மார்பிலிருந்து எலும்புக்குப் போனதை எலும்புப் புற்றுநோய் என்று சொல்வதில்லை. எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் என்பார்கள். மருந்தும் அதற்கேற்றாற்போல்தான்.

எலும்பு: நம் எலும்பு தினமும் கரைந்து தினமும் கட்டப்படுகிறது. மார்பகப் புற்றுநோய் செல்கள் போன்றவை எலும்பைக் கரைக்கும் செல்களை முடுக்கிவிடுகின்றன. எலும்பு கரையும்போது அதில் சேமித்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிவந்து கட்டிக்கே உரமாகின்றன. கட்டி வளர, எலும்பு மேலும் கரைகிறது. இருமினால்கூட விலா எலும்பு முறிவது இதனால்தான். கரைந்த கால்சியம் ரத்தத்தில் கூடினால் தாகம், மலச்சிக்கல், ஓயாத மூத்திரம், பிறகு மனக்குழப்பம் என்று வரிசையாக வரும். 'வயசானவர் ஏதோ உளறுகிறார்' என்று விடுவதற்குமுன் ரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டும். மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குறையும்.

முதுகெலும்பில் கட்டி இருந்தால் தண்டுவடம் நசுங்கலாம். படுத்தால் கூடும் முதுகுவலி, கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, மூத்திரம் அடைப்பது ஆகியவை அவசர அறிகுறிகள். நடந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சைக்கு வந்தவர் தொடர்ந்து நடக்கும் வாய்ப்பு அதிகம். கால் விழுந்த பிறகு வருபவருக்கு அது மிகக் குறைவு. மணிக்கணக்குக்கூட இங்கே முக்கியம்.

நுரையீரல், கல்லீரல், மூளை: நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்தால் மல்லாந்து படுக்க முடியாது, நீரை எடுத்துவிட்டால் அன்றிரவே ஓரளவு தூக்கம் வரும். கணையத் தலைப்பகுதியில் வரும் கட்டி பித்தக்குழாயை அழுத்தினால் வலியே இல்லாமல் மஞ்சள் காமாலை வரும், உடம்பெல்லாம் அரிக்கும். நாட்டு மருந்து தேடி வாரங்களைக் கடத்துவது இங்கே பெரிய இழப்பு. மூளைக்குப் பரவினால் காலையில் தலைவலியோடு வாந்தி, புதிதாக வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம் என்று காட்டும்.

போகாத இடத்திலும் ஒரு கை

கட்டி பரவாத இடத்திலும் தொல்லை தர முடியும் என்பதுதான் வியப்பு. சிலவகை நுரையீரல் புற்றுநோய்கள் தாமே ஹார்மோன் சுரக்கின்றன. அதனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து நோயாளிக்கு மந்தமும் குழப்பமும் வரும். மூளையில் கட்டியே இருக்காது. வேறு சிலருக்கு எதிர்ப்பு சக்தி கட்டியைத் தாக்கத் தயாரித்த ஆயுதம், கட்டியின் புரதத்தை ஒத்திருக்கும் நரம்பின் புரதத்தையும் தாக்கிவிடுகிறது. கை கால் சோர்ந்துபோகும், நடை தள்ளாடும். கட்டி கண்டுபிடிக்கப்படுவதற்குமுன்பே இப்படி நேர்வதும் உண்டு.

காவல்காரனின் கண்ணைக் கட்டுதல்

நம் எதிர்ப்பு செல்கள் தவறிப்போன செல்களை ஓயாமல் தேடி அழிக்கின்றன. அப்படியிருந்தும் கட்டி எப்படித் தப்புகிறது? எதிர்ப்பு செல்கள் நம் உடம்பையே தாக்கிவிடாமலிருக்க அவற்றில் இயற்கையாகவே பிரேக் இருக்கிறது. கட்டி அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இந்த பிரேக்குகளைக் கண்டறிந்து, அவற்றை விடுவித்தால் எதிர்ப்பு செல்களே புற்றுநோயைத் தாக்கும் என்று காட்டியதற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹொஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இம்யூனோதெரபி என்று இன்று சொல்லப்படும் சிகிச்சையில் பெரும்பகுதி இதிலிருந்து வந்தது. எல்லாப் புற்றுநோய்க்கும் அது பலிப்பதில்லை. பலிப்பவர்களில் சிலருக்குப் பலன் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

சிகிச்சையும் உடம்பைத் தொடும்

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. உடம்பில் அப்படிப் பெருகுபவை புற்றுநோய் செல்கள் மட்டுமல்ல. முடிவேர், வாய், குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை எல்லாமே வேகமாகப் பெருகுபவை. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் வெந்துபோகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, ரத்த அணுக்களின் 'கவுண்ட்' குறைகிறது. நல்ல செல்கள் பெரும்பாலும் திரும்ப முளைத்துக்கொள்ளும். முடியும் வளரும்.

இதில் ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டலாம். கீமோ நடக்கும் காலத்தில் உடல்வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரநிலை. வெள்ளணு குறைந்த உடம்பில் ஒரு சாதாரணக் கிருமிகூடச் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு 'காலையில் பார்க்கலாம்' என்று படுக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நோய் ஓரிடத்தில் இருக்கும்போது அறுத்தெடுக்கலாம், கதிர்வீச்சு ('கரண்ட்') வைக்கலாம், முழுக்கக் குணமாக்கவும் முடியும். உடம்பெங்கும் கைநீட்டிய பிறகு அது கடினம். ஆகவே ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, மூன்று வாரத்துக்கு மேல் இருமல், விழுங்கும்போது அடைப்பு, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இவற்றில் எதையும் வயசின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 'ஊசி குத்தினால் பரவிவிடும்' என்ற பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப்போடுபவர்கள் நிறைய. எந்த வகை என்று தெரியாமல் சரியான சிகிச்சை தொடங்க முடியாது. தள்ளிப்போடும் நாட்களில்தான் நோய் பரவுகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டபோது, இந்த நோய்க்குச் சிகிச்சையே கிடையாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே கீமோவும் கதிர்வீச்சும் கிடைக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. நாம் உரிய நேரத்தில் போவதுதான் மிச்சம்.

குணமாக்க முடியாத நிலையிலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. வலிக்கு மார்ஃபின் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. நீரை எடுக்கலாம், ரத்தம் ஏற்றலாம், குமட்டலை அடக்கலாம். வலிநிவாரண சிகிச்சை என்பது கைவிடுவதன் இன்னொரு பெயரல்ல. நோய் தொடும் ஒவ்வொரு இடத்திலும் நாமும் போய்த் தொடுவது அது.

சாப்பாட்டு விஷயத்தில் நான் தாமதமாகக் கற்றதையும் சொல்கிறேன். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து நீட்டாதீர்கள். சின்னக் கிண்ணத்தில், அவருக்குப் பிடித்ததை, அவர் கேட்கும் நேரத்தில் கொடுங்கள். வறுக்கும் வாசனை குமட்டினால் ஆறிய சாப்பாடு நல்லது. கஞ்சியில் கொஞ்சம் பால் பவுடரோ நெய்யோ கலக்கலாம். மீதி வைத்தால் பேசாமல் எடுத்துவிடுங்கள்.

கடைசி மாதங்களில் அத்தைக்கு நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். ஒருநாள் அரைக் கிண்ணம் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு இறங்குச்சுப்பா" என்று சிரித்தார். நூல் சுற்றிய மோதிரம் அப்போதும் அந்த விரலில்தான் இருந்தது. முதல் சுற்று நூலைச் சுற்றிய அன்றே அவரை அழைத்துப் போயிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது மோதிரத்துக்கு நூல் சுற்றினால், ஏன் என்று கேளுங்கள்.